அக்கா கல்யாண டிவிடியை 4கே டிவில பாக்குறதுக்கு மஞ்ச ஒயரா, ஹெச்டிஎம்ஐயா, ப்ளூரேவா, பென்டிரைவா?

அப்பா புதுசா 43 இன்ச் 4கே டிவி வாங்குன அன்னைக்கு முதல்ல போட்டுப் பாக்கச் சொன்னது 2006ல நடந்த அக்கா கல்யாண டிவிடி. பழைய பிளேயர், அதே மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர், மாட்டி போட்டா மூஞ்சியெல்லாம் மாவு பூசுன மாதிரி, ஓரமெல்லாம் ஊர்ற மாதிரி, எல்லாரும் குண்டா குட்டையா தெரியுறாங்க. அப்பா ரொம்ப நேரம் பேசாம பாத்துட்டு "பழைய டிவில நல்லாத்தானடா இருந்துச்சு, டிஸ்க்கு கெட்டுப்போச்சா?"ன்னு கேட்டார். எங்க அப்பத்தா நடந்து பேசிச் சிரிக்கிற வீடியோன்னு வீட்டுல இருக்கிறது இந்த ஒரே டிஸ்க்குதான், அதனால விட மனசில்லாம ஒரு மாசம் உக்காந்து எல்லா வழியையும் ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்தேன், எது நல்லா இருந்துச்சு எதுக்குக் காசு போட வேணாம்னு அதைத்தான் எழுதுறேன்.

டிஸ்க்கு கெடல, முதல்ல அதைச் சொல்லிடுறேன். நம்ம ஊர் பால் (PAL, நம்ம ஊர் டிவிக்கு வச்ச முறை) டிவிடில ஒரு படத்துல 720க்கு 576 புள்ளி, பெருக்கினா 4,14,720. 4கே டிவில 3840க்கு 2160, அதாவது 82,94,400. கணக்குப் போட்டா சரியா 20 மடங்கு. அப்ப டிவில தெரியுற ஒவ்வொரு 20 புள்ளிலயும் டிஸ்க்குல இருந்து வந்தது ஒண்ணுதான், மிச்சம் 19ஐ யாரோ ஒருத்தர் பக்கத்துப் புள்ளியைப் பாத்து ஊகிச்சு நிரப்புறாங்க. அந்த யாரோ ஒருத்தர் பிளேயரா, டிவியா, கம்ப்யூட்டரா, அதுதான் நாம எடுக்க வேண்டிய முடிவே. பழைய 29 இன்ச் டப்பா டிவில இந்த வேலையே கிடையாது, டிஸ்க்குல கோடு எப்படி இருக்கோ அப்படியே வரைஞ்சிடும், குழாயோட வெளிச்சம் ஓரத்தைக் கொஞ்சம் மழுப்பி அழகாக் காட்டும், அதனால அப்பா சொன்னது பிரமை இல்ல, உண்மையிலேயே அதுல நல்லாத்தான் இருந்துச்சு.

ஒப்பிட்டுப் பாக்க எல்லா வழிக்கும் ஒரே காட்சியைத்தான் வச்சுக்கிட்டேன். அப்பத்தா தாம்பாளத்தைத் தூக்கிட்டு மணவறைப் பக்கம் நடந்து வர்றது, ஒரு 12 செகண்ட் இருக்கும். கட்டியிருக்கிறது சுங்குடிச் சேலை, முழுக்க சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. காதுல தண்டட்டி, நடக்க நடக்க ஆடும். பின்னாடி மாமா ஒருத்தர் பொடிக்கட்டம் போட்ட சட்டையில நிக்கிறார். புள்ளி, ஆடுற பொருள், பொடிக்கட்டம், படத்தைச் சோதிக்க இந்த மூணும் போதும். உங்க டிஸ்க்குலயும் இப்படி ஒரு இடத்தைக் குறிச்சு வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் பாருங்க, வேற வேற காட்சியைப் பாத்து ஒப்பிட்டா ஒண்ணும் புரியாது.

மஞ்ச ஒயர்ல பாத்தப்ப மாமா சட்டைல வானவில் ஓடுச்சு. பச்சையும் ஊதாவும் மாறி மாறி மினுக்குது, சேலைப் புள்ளியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி நகருது. இதுக்குக் காரணம் இருக்கு. டிஸ்க்குல வெளிச்சம் தனியா நிறம் தனியாத்தான் பதிஞ்சு கிடக்கு, மஞ்ச ஒயர்ல அனுப்பணும்னா பிளேயர் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஒரே கம்பில விடணும், அந்தப் பக்கம் டிவி திரும்பப் பிரிக்கணும். பால்ல நிறத்தை 4.43 மெகாஹெர்ட்ஸ்ல ஏத்தி விடுறாங்க, படத்தோட பொடி விவரமும் அதே இடத்துலதான் வருது, அதனால பொடிக்கட்டத்தை டிவி நிறம்னு நினைச்சுக்கும், நிறத்தோட ஓரத்தைப் புள்ளின்னு நினைச்சுக்கும். கலந்த பாலையும் தண்ணியையும் பிரிக்கிற கதை. ஆக இந்த ஒயர்ல எவ்வளவு நல்ல டிவி வச்சாலும் போனது போனதுதான்.

இதுல ஒரு வலை இருக்கு, நானும் விழுந்தேன். புது டிவில மூணு ஓட்டை இருக்காது, ஹெட்ஃபோன் ஓட்டை மாதிரி ஒண்ணு இருக்கும், அதுக்கு டிவியோட வந்த ஒயரைத்தான் போடணும், வெளிய வாங்குற ஒயர்ல உள்ள வரிசை மாறி இருந்தா படம் வராது இல்லன்னா சத்தம் வராது. அந்த ஒயர் கிடைக்காம கடைக்குப் போனா, ஏவியை, அதாவது அந்த மஞ்ச ஒயர் சிக்னலை, ஹெச்டிஎம்ஐயா மாத்துற குட்டிப் பெட்டி ஒண்ணைக் குடுத்து "இதுல போட்டா ஹெச்டி சார்"னு வித்துட்டாங்க. ஹெச்டி எல்லாம் இல்ல. உள்ள போறது அதே கலந்த சிக்னல், வெளிய வர்ற பிளக் மட்டும்தான் ஹெச்டிஎம்ஐ, நடுவுல அந்தப் பெட்டி அதோட பங்குக்கு ஓரத்தை ரம்பம் மாதிரி வெட்டிக் குடுக்குது. நான் பாத்த எல்லா வழிலயும் இதுதான் கடைசி இடம், நேரா மஞ்ச ஒயரையே மாட்டினது இதை விடத் தேவலாம். காசை மிச்சம் பண்ணுங்க.

எஸ்-வீடியோன்னு ஒரு பழைய பிளக் உண்டு, இப்ப வர்ற டிவில அது இல்ல, விட்டுடலாம். காம்பனன்ட் அப்படி விடுற விஷயம் இல்ல. பச்சை, நீலம், சிவப்புன்னு படத்துக்கே மூணு ஒயர் போகும், பச்சைல வெளிச்சம், மத்த ரெண்டுல நிறம், கலக்குற வேலையே இல்லாததால மாமா சட்டை வானவில் ஒரே அடில போயிடுச்சு, சேலைப் புள்ளி இருந்த இடத்துல நின்னுச்சு. ஒரு ரூபா செலவில்லாம வந்த பெரிய மாற்றம் இதுதான், ஏன்னா பழைய பிளேயர் பின்னாடியே அந்த ஓட்டை இத்தனை வருஷமா சும்மா கிடந்துச்சு. ஆனா புது டிவிகள்ல இது குறைஞ்சுக்கிட்டே வருது, நான் சோதிச்சதே சித்தப்பா வீட்டு எல்சிடில, அப்பா டிவில இல்ல. சில டிவில பச்சை ஓட்டையும் மஞ்ச ஓட்டையும் ஒண்ணாவே இருக்கும், படம் கறுப்பு வெள்ளையா வந்தா பயப்படாதீங்க, மெனுல ஏவியா காம்பனன்டான்னு மாத்தி விட்டா நிறம் வந்துடும். பிளேயர்லயும் வீடியோ அவுட்டை காம்பனன்ட்னு மாத்தணும், சிலதுல ப்ரொக்ரசிவ்னு (முழுப்படமாச் சேத்து அனுப்புறது) இன்னொரு வரி இருக்கும், அதைப் போட்டும் போடாமயும் பாருங்க.

அடுத்து ஹெச்டிஎம்ஐ உள்ள சாதா டிவிடி பிளேயர். டப்பால 1080பி அப்ஸ்கேலிங்னு, அதாவது பிளேயரே படத்தை 1080 வரியாப் பெருசாக்கிக் குடுக்கும்னு, பெருசா போட்டிருக்கும். மாட்டின உடனே நிறம் சுத்தமா வந்துச்சு, டிஸ்க்குல இருந்து டிவி வரைக்கும் டிஜிட்டலாவே போறதால நடுவுல இழப்பு இல்ல. ஆனா 1080பில வச்சுப் பாத்தா அப்பத்தா முகத்துல சுருக்கமே இல்ல, மெழுகு பொம்மை மாதிரி, சேலை ஓரத்தைச் சுத்தி மெலிசா ஒரு வெள்ளைக் கோடு வேற. விலை குறைஞ்ச பிளேயர்ல அந்த 1080பி சிப்பு மட்டமா இருக்கிறதுதான் விஷயம், அது படத்தை ஏனோதானோன்னு பெருசாக்கி டிவிகிட்ட குடுக்குது, டிவி அந்தக் கெட்டதையே இன்னும் பெருசாக்குது. மெனுல போய் 576பின்னு இறக்கி வச்சேன், படம் நல்லா ஆயிடுச்சு! டிவி கைல இருக்கிற சிப்பு அதை விட நல்ல சிப்பு, அதுகிட்ட சின்னப் படத்தை அப்படியே குடுத்தா அது ஒழுங்கா நிரப்புது. இறக்கி வச்சதுல இன்னொரு லாபமும் கிடைச்சது, 1080பில இருந்தப்ப பழைய 4:3 வீடியோவை அகலமா இழுத்து வச்சு, டிவில மாத்தவும் விடல, 576க்கு வந்ததும் டிவி மெனுல 4:3 வேலை செஞ்சது, அக்கா ஒல்லியாகிட்டா. டப்பால போட்டிருக்கிற நம்பரைப் பாத்து பிளேயர் வாங்காதீங்கன்னு சொல்றது இதனாலதான். ஹெச்டிஎம்ஐ ஒயருக்கும் தங்க முலாம்னு ஆயிரக்கணக்குல குடுக்க வேணாம், ஒண்ணரை மீட்டர் சாதா ஒயரே இந்தச் சின்னப் படத்துக்குத் தாராளம், டிஜிட்டல்ல ஒயர் சரியில்லன்னா படம் வெட்டும், மினுக்கும், இல்ல வராமயே போகும், மங்கலா எல்லாம் ஆகாது.

இவ்வளவு பண்ணியும் ஒண்ணு மட்டும் போகல. தண்டட்டி ஆடுறப்ப அதோட ஓரத்துல சீப்புப் பல் மாதிரி கோடு கோடா வருது. கல்யாண வீடியோ வச்சிருக்கிறவங்க எல்லாரும் இதைத் தெரிஞ்சுக்கணும். அந்தக் காலத்து கல்யாண வீடியோ கேமரா எல்லாம் ஒரு செகண்டுக்கு 50 தடவை படம் எடுக்கும், ஆனா ஒவ்வொரு தடவையும் பாதிக் கோடுதான், ஒரு தடவை ஒத்தைப்படை வரி, அடுத்த தடவை இரட்டைப்படை வரி. டப்பா டிவி அதை அப்படியே மாத்தி மாத்தி வரையும். தட்டை டிவிக்கு முழுப்படம் வேணும், அதனால ரெண்டு பாதியை யாராவது சேத்துக் குடுக்கணும், ஆனா ரெண்டு பாதிக்கும் நடுவுல ஐம்பதுல ஒரு பங்கு செகண்ட் போயிருக்கு, அதுக்குள்ள தண்டட்டி நகந்துடுச்சு, சும்மா ஒட்டினா பல் பல்லா தெரியும். ஒட்டாம ஒரு பாதியை மட்டும் எடுத்து இழுத்துப் போட்டா பல் போயிடும், ஆனா விவரம் பாதியாயிடும், சேலைப் புள்ளி துடிக்கும். நல்ல சிப்பு என்ன செய்யும்னா நகராத இடத்துல ரெண்டையும் சேக்கும், நகர்ற இடத்துல மட்டும் ஊகிக்கும். சினிமா டிவிடில இந்தத் தலைவலி கம்மி, ஃபிலிம்ல எடுத்த முழுப்படத்தைத்தான் ரெண்டா வெட்டி வச்சிருக்காங்க, திரும்ப ஒட்டினா கச்சிதமாப் பொருந்திடும். அதனால எது நல்ல வழின்னு கேட்டா, உங்க டிஸ்க்கு சினிமாவா கல்யாணமான்னு நான் திருப்பிக் கேப்பேன்.

சினிமான்னா ப்ளூரே பிளேயர், யோசிக்கவே வேணாம். நண்பர்கிட்ட ரெண்டு வாரம் வாங்கி வச்சிருந்தேன். டிவிடியையும் அது ஓட்டும், உள்ள இருக்கிற சிப்பு வேற தரம், அதுல 1080பில வச்சே பாக்கலாம், நம்ம தமிழ்ப் பட டிவிடியெல்லாம் தலைப்பு எழுத்து வெட்டின மாதிரி நின்னுச்சு. வீட்டுல டிஸ்க் போடுற பிளேஸ்டேஷன் இருந்தா அதுவே போதும், பிளேஸ்டேஷன் 3க்கு 2007ல வந்த 1.80 அப்டேட்லயே டிவிடி அப்ஸ்கேலிங் குடுத்துட்டாங்க, தனியா பிளேயர் வாங்க வேணாம். ஆனா கல்யாண டிஸ்க்கைப் போட்டப்ப சாதா பிளேயரை 576பில வச்சு டிவிகிட்ட விட்டதுக்கும் ப்ளூரேக்கும் எனக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரிஞ்சது, தண்டட்டி பல் போச்சு, புள்ளி துடிப்பு லேசா மிச்சம் இருந்துச்சு. கல்யாண டிஸ்க்கு மட்டும்தான் பாக்கணும்னா அதுக்காக ப்ளூரே வாங்க வேணாம்.

சினிமா டிஸ்க்கு வச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் பாக்கணும். தமிழ்ப் பட டிவிடி நிறைய என்டிஎஸ்சில (NTSC, அமெரிக்கா பக்கத்து டிவி முறை) வந்துச்சு, அதுல 720க்கு 480, செகண்டுக்கு 60 பாதி. பிளேயர் மெனுல டிவி சிஸ்டம்னு ஒண்ணு இருக்கும், அதை பால்னு வச்சிருந்தா அந்த 480ஐ 576 ஆகவும் 60ஐ 50 ஆகவும் பிளேயரே அவசரமா மாத்தித் தள்ளும், கேமரா நகர்றப்ப படம் வெட்டி வெட்டி ஓடும். ஆட்டோ இல்லன்னா மல்டின்னு மாத்துங்க. எங்க வீட்டுப் பிளேயர் வாங்குன நாள்ல இருந்து பால்லயே கிடந்திருக்கு, இத்தனை வருஷமா படம் வெட்டுறது டிஸ்க்கு கோளாறுன்னு நினைச்சிட்டு இருந்தோம்.

அதே மெனுல டிவி டைப்னு இருக்கும், 4:3 லெட்டர்பாக்ஸ்னு கிடந்தா 16:9க்கு மாத்துங்க. அகல டிஸ்க்கு போட்டிருந்தும் 4:3ன்னு கிடந்தா பிளேயர் மேல கீழ கறுப்புப் பட்டை போட்டு 576 வரில 432ஐத்தான் அனுப்பும், நீங்க ரிமோட்ல ஜூம் பண்ணிப் பாப்பீங்க, கால்வாசி வரி வீணாப் போச்சு.

இப்ப பென்டிரைவ் வழி. எங்க டிஸ்க்கு நாங்க எடுத்தது, பூட்டு கீட்டு எதுவும் கிடையாது, கம்ப்யூட்டர்ல போட்டு உள்ள இருந்த ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிக்கிட்டேன். விஎல்சி பிளேயர்ல திறந்து, டீஇன்டர்லேஸ்னு (அந்த ரெண்டு பாதியைச் சேக்குற வேலை) இருக்கிறதுல யாடிஃப் 2எக்ஸ்னு வச்சு, லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐல டிவிக்குக் குடுத்துப் பாத்தப்பதான் அப்பத்தா நிஜமா நடந்து வந்த மாதிரி இருந்துச்சு, ஐம்பது அசைவும் முழுசா, தண்டட்டி ஊஞ்சல் மாதிரி வழுக்கிட்டு ஆடுது. தினமும் அப்பாவால லேப்டாப் மாட்ட முடியாது, டிவியோட யூஎஸ்பில அந்த ஃபோல்டர்ல இருந்த விஓபி ஃபைல் (டிவிடியோட வீடியோ ஃபைல்) ஓடவும் இல்ல, அதனால ஹேண்ட்பிரேக்ங்கிற சாப்ட்வேர்ல போட்டு டிவில ஓடுற ஃபைலா மாத்தினேன். அங்க கவனிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, டீஇன்டர்லேஸ்ல பாப்னு இருக்கிறதை எடுத்து ஃபிரேம் ரேட்டை 50ன்னு குறிக்கணும், சும்மா டீஃபால்ட்ல விட்டா 25 ஆகிடும், பாதி அசைவு போயி படம் சினிமா மாதிரி தட்டித் தட்டி ஓடும். அளவை 576லயே விட்டேன், பெருசாக்குறதை டிவி பாத்துக்கட்டும், தரத்தை 18ல வச்சேன். இதுக்கு மேல வேணும்னா பாதிகளைச் சேக்க க்யூடிஜிஎம்சின்னு இன்னொரு முறை இருக்கு, அமைக்கிறதுக்கே பொறுமை வேணும், ராத்திரி பூரா கம்ப்யூட்டர் ஓடும், ஆனா சேலைப் புள்ளி துடிப்பு அதுலதான் முழுசா அடங்குச்சு.

ஏஐ வச்சுப் பெருசாக்குற சாப்ட்வேரையும் போட்டுப் பாத்தேன். மண்டபம், பூ, தோரணம் எல்லாம் அசத்தலா வந்துச்சு. ஆனா தூரத்துல நிக்கிற முகத்துக்கு அது தானா கண்ணு மூக்கு வரையுது, அப்பத்தா கன்னத்துல இருந்த மருவைத் துடைச்சிட்டு யாரோ ஒரு பாட்டியைக் குடுத்துச்சு. எனக்கு அது வேணாம், டிஸ்க்குல இருக்கிற மங்கலான அப்பத்தாவே வேணும்.

எந்த வழில போனாலும் டிவி மெனு பக்கம் ஒரு தடவை போயிட்டு வாங்க. கடைல பளிச்னு தெரியணும்னு விவிட்ல வச்சிருப்பாங்க, அதை சினிமா இல்லன்னா மூவிக்கு மாத்தினா தோல் நிறம் தோல் நிறமா வரும், ரெண்டு நாள் மஞ்சளாத் தெரியும், அப்புறம் பழகிடும். ஷார்ப்னஸைக் குறைங்க, டிவிடில இல்லாத கூர்மையை அது எங்க இருந்தும் கொண்டு வராது, இருக்கிற கட்டத்தையும் புழுதியையும்தான் தூக்கிக் காட்டும். மோஷன் ஸ்மூத்திங்கை (டிவியே நடுவுல அசைவை ஊகிச்சுச் சேக்குறது) நிறுத்திடுங்க. நாய்ஸ் ரிடக்ஷன் மட்டும் டிவிடிக்கு லேசா இருக்கலாம், எங்க டிஸ்க்கு மாதிரி மூணு மணி நேரத்தை 4.7 ஜிபி டிஸ்க்குல அமுக்கி இருந்தா ஒரு செகண்டுக்கு 3.5 மெகாபிட் தேறாது, டிவிடில வீடியோவுக்கு 9.8 வரைக்கும் இடம் உண்டு, அதனால ஆட்டம் பாட்டம் வர்ற இடத்துல கட்டம் கட்டமா உடையும். படம் சாம்பல் பூத்த மாதிரியோ இல்ல கறுப்புத் தலைமுடியெல்லாம் ஒரே மொத்தையாவோ தெரிஞ்சா ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவல்னு இருக்கிறதை மாத்திப் பாருங்க, பிளேயரும் டிவியும் கறுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு ஒத்துப் போகாததால வர்றது அது. இதெல்லாம் முடிச்சதும் நாற்காலியைத் தள்ளிப் போடுங்க, 576 வரிக்கு டிவியோட உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் கணக்கு, 43 இன்ச்சுக்குப் பத்தரை அடி, அப்பா உக்காந்திருந்தது ஏழடில.

ஆக எங்க வீட்டுல முடிவு இப்படி ஆச்சு. கல்யாண டிஸ்க்கு பென்டிரைவ்ல, சினிமா டிஸ்க்குக்கு அந்தச் சாதா ஹெச்டிஎம்ஐ பிளேயரை 576பில வச்சு விட்டாச்சு. சினிமா டிவிடி நூறு இருநூறு சேத்து வச்சிருக்கிற வீடா இருந்தா நான் ப்ளூரே பிளேயருக்குக் காசு போடச் சொல்லுவேன். பழைய எல்சிடி வச்சிருக்கிறவங்க எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி காம்பனன்ட் ஓட்டை இருக்கான்னு டிவி பின்னாடி போய்ப் பாருங்க. டப்பா டிவி இன்னும் ஓடுதுன்னா தூக்கிப் போடாதீங்க, டிவிடிக்கு அதை விடப் பொருத்தமா ஒண்ணு இல்ல. அக்கா அமெரிக்கால இருக்கா, அங்க இருக்கிற அவ பிளேயர் பால் டிஸ்க்கை எடுக்கவே இல்ல, இத்தனை வருஷமா அவ கல்யாணத்தை அவளே பாக்கல, இப்ப அதே ஃபைலை அனுப்பி வச்சிருக்கேன்.

கல்யாண வீடியோ எடுத்தவங்ககிட்ட முதல்லயே ஒரு வார்த்தை கேளுங்க, மினிடிவி (MiniDV) டேப், அதாவது கேமராவுல போட்டு எடுத்த சின்னக் கேசட்டு, இருக்கான்னு. டேப்ல வீடியோ செகண்டுக்கு 25 மெகாபிட், டிவிடில அமுக்குறதுக்கு முன்னாடி உள்ளது, அது கிடைச்சா நான் மேல சொன்ன அத்தனையும் ரெண்டாம்பட்சம். எங்களுக்கு எடுத்த கடைல டேப்பை அழிச்சு அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாச்சுன்னு சொல்லிட்டாங்க, கேட்டதும் மனசு கனத்துப் போச்சு. வீட்டுல எழுதுன டிஸ்க்குல படம் பதிஞ்சு இருக்கிறது ஒரு சாயத்துல, வெளிச்சமும் சூடும் பட்டா அது மங்கிக்கிட்டே போகும், அதனால எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க. எங்க டிஸ்க்கு தாலி கட்டுற இடத்துல லேப்டாப் டிரைவ்ல நின்னு நின்னு போச்சு, பக்கத்து வீட்டுத் தம்பியோட பழைய டெஸ்க்டாப் டிரைவ்ல அதே டிஸ்க்கு ஒரு தடவை கூட நிக்காம முழுசா காப்பி ஆச்சு, அதனால ஒரு டிரைவ்ல எடுக்கலன்னா இன்னொரு டிரைவ்ல போட்டுப் பாருங்க.